நனையாத செருப்பு

"அண்ணி, சோப்பைத் திருடினவனைப் பிடிக்கத் துப்பறியுற ஆளைக் கூப்பிடற கம்பெனியை நான் இப்பத்தான் பாக்கிறேன். பிடிச்சா எப்படி உறுதி பண்ணுவாங்க? மோந்து பாத்தா?"

சுருட்டை இதைக் காதோடு காதாகத்தான் சொன்னான். ஆனால் அவன் ரகசியம் பேசினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மேனேஜரின் காது சிவந்தது.

அண்ணி சிரிக்கவில்லை. அவள் வேலை நேரத்தில் சிரிப்பதில்லை. இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் பல வருடம் பொய்க் கணக்குக் காட்டுபவர்களைப் பிடித்துக்கொண்டிருந்தவள், மேலதிகாரி ஒருவரையே பிடித்துவிட்டதால் அந்த வேலை போய், சொந்தமாகத் துப்பறிய ஆரம்பித்தவள். உதவிக்கு ஆள் வைக்க வசதியில்லாததால் கணவரின் தம்பியை வைத்துக்கொண்டாள். அவன் போகிற இடமெல்லாம் 'அண்ணி, அண்ணி' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, இப்போது போலீஸ் ஸ்டேஷனிலும் அவளுக்கு அதுதான் பெயர். சுருட்டை என்பது அவன் தலைமுடியைப் பார்த்து எல்லோரும் வைத்தது.

"வேற என்னெல்லாம் காணோம் சார்?" என்று அண்ணி கேட்டாள்.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, இறுக்கிக் கட்டிய டை, படிய வாரிய தலை. பார்த்தாலே எழுந்து நிற்கத் தோன்றும் மனிதர். "ஒரு துண்டு. நீலக் கரை போட்டது. அப்புறம் அந்த சோப்பு. மஞ்சள் கலர், எலுமிச்சை வாசனை. பாதிதான் தேஞ்சிருந்துச்சு. எல்லாம் கம்பெனி சொத்து மேடம். சின்னது பெரிசுன்னு பாக்கக் கூடாது."

"ராத்திரி வெளிச்சம் தெரிஞ்சது எங்க?"

"அரண்மனை கோபுர ஜன்னல்ல. நீங்க அந்தப் பக்கமாப் பாத்தாப் போதும். வேற எங்கயும் அலைய வேணாம்."

விஷயம் இதுதான். ஊருக்கு வெளியே இருக்கும் இந்தப் பொழுதுபோக்குப் பூங்காவின் முதலாளி முந்தின நாள் சாயங்காலம் அண்ணியைக் கூப்பிட்டிருந்தார். கரண்ட் பில் ஏறுகிறது, தண்ணீர் பில் ஏறுகிறது, மூடிய பூங்காவில் ராத்திரி விளக்கு எரிகிறது என்று ரோட்டில் போகிறவர்கள் சொல்கிறார்கள். "யாரோ என் இடத்துல ஓசியில குடியிருக்காங்க. வேலை செய்யற ஆளுங்கள்ல ஒருத்தர்தான். காலையில கேட் திறக்கிறதுக்குள்ள எனக்கு ஆள் யாருன்னு தெரியணும். வேலையை விட்டுத் தூக்கிட்டுத்தான் கேட்டையே திறப்பேன்" என்று சொல்லியிருந்தார். மேனேஜர் எல்லா உதவியும் செய்வார் என்றும் சொல்லியிருந்தார்.

அதனால்தான் இந்த ஈரக் காலையில், முழங்கால் வரை செம்மண் அப்பிக்கொண்டு இருவரும் வந்து சேர்ந்திருந்தார்கள். இரவு முழுக்கப் பெய்த மழை இப்போதுதான் விட்டிருந்தது. பஸ் நிறுத்தத்திலிருந்து பூங்கா வரைக்கும் ரோட்டோரத்தைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். சுருட்டையின் ஒரு செருப்பு சேற்றில் மாட்டி, வார் அறுந்து, அதைக் கையில் பிடித்துக்கொண்டே மேனேஜர் அறைக்குள் வந்திருந்தான்.

வெளியே வந்ததும் அண்ணி அரண்மனைப் பக்கம் திரும்பவில்லை. மேனேஜரின் கார் நின்றிருந்த திறந்தவெளியில் போய் நின்றாள். கைக்குட்டையைக் கீழே போட்டாள். குனிந்து எடுக்க அவளுக்கு ரொம்ப நேரம் ஆனது.

"கார் வாங்கப் போறீங்களா அண்ணி? அண்ணன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"காருக்கு அடியில தரை நல்லாக் காஞ்சிருக்கு."

"மழை மேல இருந்துதானே பெய்யும். கார் மறைச்சிருக்கும்."

"ஆமா. மறைச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள். இதில் என்ன இருக்கிறது என்று சுருட்டைக்குப் புரியவில்லை. புரியாததைப் புரிந்த மாதிரித் தலையாட்டுவதில் அவனுக்கு நல்ல பழக்கம் இருந்தது.

ஊழியர்கள் உடை மாற்றும் அறை டிக்கெட் கவுன்டருக்குப் பின்னால் இருந்தது. வேலைக்கு வருகிறவர்கள் சொந்தச் செருப்பைக் கழற்றி அங்கே ஒரு மர அலமாரியில் வைத்துவிட்டு, கம்பெனி கொடுத்த ஷூவை மாட்டிக்கொள்ள வேண்டும். அண்ணி அலமாரி முன்னால் போய், கோயில் சன்னதியில் நிற்பது போல நின்றுவிட்டாள். செம்மண் அப்பிய செருப்புகள், தண்ணீர் சொட்டும் செருப்புகள், உப்பிப்போன செருப்புகள்தான் சுருட்டையின் கண்ணில் பட்டன. அவள் மேலிருந்து கீழ் வரை பார்த்துவிட்டு, நடுத்தட்டிலிருந்து ஒரு ஜோடியை எடுத்தாள். பெண்கள் செருப்பு. வாரில் சின்ன வெள்ளிப் பட்டாம்பூச்சி. சேறு கிடையாது, ஈரம் கிடையாது.

"இவங்க பறந்து வந்திருப்பாங்களோ?" என்றான் சுருட்டை.

"இல்லைன்னா வெளியவே போகாம இருந்திருப்பாங்க."

அவனுக்கு இப்போது பளிச்சென்று விளங்கியது. விளங்கியதும் வாயைப் பிளந்தான். அந்த வழியாக வந்த டிக்கெட் கவுன்டர் பெண்ணிடம் செருப்பைக் காட்டி யாருடையது என்று கேட்டான்.

"ராணியோடது" என்றாள் அவள். "அரண்மனையில குழந்தைங்களுக்குக் கை குடுக்கிறாங்களே, கிரீடம் வெச்சுக்கிட்டு, அவங்க." சொல்லிவிட்டு நிற்காமல் போனாள்.

அரண்மனை என்பது வெளியே கருங்கல், உள்ளே ஒட்டுப்பலகை. வளைந்து ஏறும் படிக்கட்டு ஒவ்வொன்றும் ஒவ்வொரு ராகத்தில் முனகியது. உச்சியில் ஒரு தாழ்வான கதவு. அண்ணி தட்டினாள். உள்ளே பாத்திரம் ஒன்று உருண்டது.

"பயப்படாதீங்க. போலீஸ் இல்ல" என்றாள் அண்ணி.

கதவு திறந்தது. ராணி பாதி அலங்காரத்தில் நின்றாள். மேலே தங்க ஜரிகை அங்கி, கீழே வீட்டுப் பாவாடை, கையில் சீப்பு. அவளுக்குப் பின்னால் பாயில் ஒரு பெரிய கரடி உட்கார்ந்து டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தது. ஆட்களைப் பார்த்ததும் கரடி தலையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மரியாதையாக எழுந்து நின்றது. உள்ளே வியர்த்துப்போன ஓர் இளைஞன்.

"என் வீட்டுக்காரர்" என்றாள் ராணி.

சுருட்டை கொஞ்ச நேரம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "கதையில எல்லாம் ராஜகுமாரனைத்தானே கட்டிக்குவாங்க?"

"ராஜகுமாரன் வேஷத்துக்கு ஆள் எடுக்கல சார். கரடி வேஷம்தான் காலியா இருந்துச்சு" என்றான் கரடி.

அறை சின்னதாக, சுத்தமாக இருந்தது. மடித்த பாய், கொடியில் துணி, ஜன்னலோரம் ஒரு கெட்டில், சுவரில் இருவரும் கல்யாணத்தன்று எடுத்த படம். மூலையில் ஒரு சோப்பு டப்பா.

கேட்காமலே ராணி பேச ஆரம்பித்தாள். மறைத்து மறைத்துக் களைத்துப்போனவர்கள் அப்படித்தான். ஒரு கேள்விக்காகக்கூடக் காத்திருக்க மாட்டார்கள். முதலில் டவுனுக்குள் ஓர் அறையில் இருந்தார்கள். வாடகை ஏறியது. தள்ளிப் போனார்கள். வாடகை குறைந்தது, பஸ் செலவு ஏறியது. அதையும் தாண்டித் தள்ளிப் போனார்கள். இரண்டு பஸ் மாறி வந்ததில் ஒரு நாள் தாமதமாகி, சம்பளத்தில் பிடித்தார்கள்.

"ரெண்டு பேர் சம்பளமும் வருது. ஆனா வீட்டுக்காரருக்கும் பஸ்ஸுக்கும் குடுத்துட்டா, நாங்க வேலை செய்யறது அவங்களுக்காகத்தான்னு ஆயிடுது" என்றாள். "நாள் பூரா இங்க நின்னு, 'இதுதான் என் அரண்மனை, வாங்க வாங்க'ன்னு குழந்தைங்ககிட்ட சொல்றேன். ஒரு நாள் கடைசி பஸ்ஸும் போயிடுச்சு. நம்ம அரண்மனைதானேன்னு ஏறி வந்து படுத்துட்டோம். அப்புறம் இறங்கவே மனசு வரல."

"மேனேஜர்கிட்ட சம்பளம் பத்திக் கேட்டீங்களா?"

"கேட்டேன். சிக்கனமா இருக்கக் கத்துக்கோங்கன்னார்."

சுருட்டை கையிலிருந்த அறுந்த செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கேஸ் முடிந்துவிட்டது, ஆள் கிடைத்துவிட்டது. ஆனால் கீழே போய் இவர்களைக் காட்டிக்கொடுத்தால் இன்றைக்கே இருவருக்கும் வேலையும் போகும், கூரையும் போகும்.

அண்ணி மட்டும் சோப்பு டப்பாவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் சோப்பு. எலுமிச்சை வாசனை.

"இது எங்க கிடைச்சுது?"

ராணி தலை குனிந்தாள். "ஜனங்களைப் பயமுறுத்தற விளையாட்டு இருக்கே, அந்தப் பேய் வீட்டுக்குப் பின்னாடி ஒரு குளியலறை இருக்கு. அங்க இருந்துச்சு. துண்டும் அங்கதான். யாரோ விட்டுட்டுப் போனதுன்னு நினைச்சேன். திருடணும்னு இல்ல."

"ராத்திரியில போய் எடுத்தீங்களா?"

"ஐயோ, ராத்திரி அந்தப் பக்கமே போக மாட்டோம்" என்றான் கரடி. கரடி உடம்புக்குள்ளேயே அவன் நடுங்கியது தெரிந்தது. "மெஷினெல்லாம் நிறுத்தின பிறகும் உள்ள யாரோ இருமுற சத்தம் கேக்கும் மேடம். ஒரு நாள் யாரோ மூக்கைச் சிந்தினாங்க. இது நிஜப் பேய்."

அண்ணி சோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். சுருட்டை பின்னாலேயே ஓடினான்.

"அண்ணி, இவங்களை விட்டுடலாம் அண்ணி. முதலாளிகிட்ட ஆள் கிடைக்கலைன்னு சொல்லிடலாம். நமக்குக் கெட்ட பேரு புதுசா?"

"தம்பி, இந்தச் சோப்பு யாரோடது?"

"கம்பெனி சொத்துன்னாரே மேனேஜர்."

"கம்பெனி குளிக்குமா?"

அவன் நின்றான்.

"கலர் தெரியுது, வாசனை தெரியுது, எவ்வளவு தேஞ்சிருக்குன்னு தெரியுது. தன்னோட சோப்பைப் பத்தித்தான் ஒருத்தருக்கு அவ்வளவு தெரியும். கோபமும் அவ்வளவு வரும். சரி, கார் அடியில தரை ஏன் காஞ்சிருக்கு?"

"கார் மறைச்சுது..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினான். காலையில் ஓட்டிவந்து நிறுத்திய காராக இருந்தால், அதற்கு முன்பே நனைந்த தரை மேல் அல்லவா நின்றிருக்கும். தரை காய்ந்திருக்கிறது என்றால் மழைக்கு முன்னாலேயே கார் அங்கே நின்றிருக்கிறது. ராத்திரி முழுக்க நின்றிருக்கிறது.

"அடப்பாவி மனுஷா" என்றான் சுருட்டை, மெதுவாக, ஏறக்குறைய பாராட்டாக.

பேய் வீட்டுக்குள் பகலிலும் இருட்டு. டார்ச் வெளிச்சத்தில் முதலில் ஒரு மண்டையோடு இளித்தது, அப்புறம் ஒரு கை நீண்டது, அப்புறம் வரிசையாகத் தொங்கிய எலும்புக்கூடுகள் தெரிந்தன. நடு எலும்புக்கூடு வெள்ளைச் சட்டை போட்டிருந்தது. அதன் பக்கத்தில் இருந்ததும் போட்டிருந்தது. எல்லாம் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டைகள். கடைசி எலும்புக்கூட்டின் கழுத்தில் நாலைந்து டை. ரத்தக் காட்டேரியின் சவப்பெட்டிக்குள் மெத்தை விரித்து, தலையணை போட்டு, போர்வையை ஒழுங்காக மடித்து வைத்திருந்தது.

"நல்ல காத்தோட்டமான இடம்" என்றான் சுருட்டை. "அக்கம்பக்கத்துக்காரங்களும் அதிகம் பேச மாட்டாங்க."

பின்னாலிருந்து மூச்சிரைக்கும் சத்தம். மேனேஜர் ஓடி வந்திருந்தார். அவருக்கும் பின்னால், சோப்பு எங்கே போகிறது என்று பார்க்க ராணியும் கரடியும் வந்து நின்றார்கள். மேனேஜரின் கண் அண்ணியின் கையிலிருந்த சோப்பில் போய் நின்றது.

"அது என்னோடது" என்றார். வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார்.

"இருமினது நீங்களா சார்?" என்றான் கரடி.

"உங்க அரண்மனையில விளக்கு ஆடுச்சே, அது நீங்களா? நான் எத்தனை ராத்திரி போர்வையை இழுத்து மூடிக்கிட்டுக் கிடந்திருக்கேன் தெரியுமா? நிஜமாவே கோபுரத்துல ஏதோ இருக்குன்னு நினைச்சேன்."

"நாங்களும்தான் சார்" என்றாள் ராணி. அப்புறம் சட்டென்று அவள் முகம் மாறியது. "சிக்கனமா இருக்கச் சொன்னீங்களே."

மேனேஜர் சவப்பெட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். "நான் முதலாளிகிட்ட எனக்குச் சம்பளம் ஏத்தித் தரச் சொல்லிக் கேட்டப்போ அவர் என்கிட்ட சொன்னதைத்தான்மா உன்கிட்ட சொன்னேன். மேனேஜர்னு போர்டு மாட்டினாங்க. போர்டுக்குப் பெயிண்ட் அடிச்ச செலவோட சரி, சம்பளம் ஏறல. கார் இல்லாட்டி யாரும் மதிக்க மாட்டாங்கன்னு தவணையில வாங்கினேன். அது வாடகைக் காசைத் தின்னுது. பொண்டாட்டி, பிள்ளைங்க மாமனார் ஊர்ல இருக்காங்க. எனக்குக் கம்பெனி குவார்ட்டர்ஸ் குடுத்திருக்குன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

வெளியே முதலாளியின் கார் ஹாரன் அடித்தது.

மேனேஜர் எழுந்தார். டையைச் சரி செய்தார். அண்ணியின் அருகில் வந்து, "கோபுரத்துல ஆள் கிடைச்சாச்சு. அதோட விட்டுடலாமே மேடம்" என்றார். சொல்லி முடிக்கும்போதே ராணி தன்னைப் பார்ப்பதைக் கண்டு பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

முதலாளி எல்லோரையும் அரண்மனைப் படிக்கட்டு முன்னால் வரிசையாக நிற்க வைத்திருந்தார். ராட்டினம் ஓட்டுபவர், டிக்கெட் கவுன்டர் பெண், கோமாளி, படகுக்காரர், எல்லோரும். கேட்டுக்கு வெளியே பள்ளிக்கூட பஸ்கள் வந்து நிற்கத் தொடங்கியிருந்தன. குழந்தைகளின் சத்தம் மதில் தாண்டி வந்தது.

"கண்டுபிடிச்சீங்களா?"

"கண்டுபிடிச்சாச்சு சார்" என்றாள் அண்ணி. "நான் சொல்றதுக்கு முன்னாடி, அவங்களே சொல்றதா இருந்தா சொல்லட்டும்."

சுருட்டை மேனேஜரைப் பார்த்தான். அவர் தன் ஷூ நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராணி கரடியின் கையைப் பிடித்தாள்; அவள் வாய் திறக்கப்போகிறாள் என்பது தெரிந்தது. அந்த நேரத்தில்தான் மேனேஜர் வரிசையிலிருந்து ஓர் அடி முன்னால் வந்தார்.

"நான்தான் சார். பேய் வீட்டுல."

முதலாளி சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. "நீயா? உனக்கென்னய்யா கேடு?"

"உங்க சம்பளம் சார்."

"நானும்தான்" என்றாள் ராணி. "நானும் இவரும். கோபுரத்துல."

சுருட்டை பெருமூச்சு விட்டான். முடிந்தது என்று நினைத்தான். அப்போது டிக்கெட் கவுன்டர் பெண் கையை உயர்த்தினாள்.

"படகுக் கொட்டகையில நான் சார்."

"பொம்மை ரயில்ல கடைசிப் பெட்டி" என்றார் ராட்டினம் ஓட்டுபவர். "கால் நீட்ட முடியாது. ஆனா வாடகை இல்ல."

கோமாளி தயங்கித் தயங்கி முன்னால் வந்தார். "மாயக் கண்ணாடி அறையில சார். ஒரு வசதி, தனியா இருக்கிற மாதிரியே தெரியாது."

வரிசை முழுக்க ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். "அப்போ ராத்திரி தண்ணி மேல நடந்தது நீயா?" என்று கோமாளி டிக்கெட் கவுன்டர் பெண்ணைக் கேட்டார். "ரயில் தானா ஆடினதைப் பாத்துத்தான் நான் கதவுக்குக் கட்டை போட்டேன்" என்றாள் அவள். ஆளாளுக்கு ஒளிந்து, ஆளாளுக்குப் பயந்து, இத்தனை நாளும் ஒரே தெருக்காரர்களாக வாழ்ந்திருக்கிறார்கள்.

சுருட்டை அண்ணியின் காதருகே குனிந்தான். "ஒரு ஜோடிச் செருப்புதானே காஞ்சிருந்துச்சு?"

"ஒண்ணை எடுத்துக் காட்டினேன். ஒண்ணுதான்னு சொன்னேனா? பாதி அலமாரி காஞ்சிருந்துச்சு தம்பி."

முதலாளிக்கு முகம் கறுத்துவிட்டது. "எல்லாரையும் தூக்கறேன். இப்பவே. ஒருத்தரும் உள்ள இருக்கக் கூடாது."

"சரி சார்" என்றான் கரடி பணிவாக. "கேட்டை யார் திறப்பாங்க?"

மதிலுக்கு வெளியே குழந்தைகள் ஒரே குரலில் ஏதோ கத்த ஆரம்பித்திருந்தார்கள். முதலாளி அந்தப் பக்கம் பார்த்தார். அப்புறம் அண்ணியைப் பார்த்தார். "நீங்க நான் கூப்பிட்டு வந்தவங்க. ஏதாவது சொல்லுங்க."

"யார் தங்குறாங்கன்னு கேட்டீங்க. பதில் கிடைச்சாச்சு. ஏன் தங்குறாங்கன்னு நீங்க கேக்கல. அதை ஓசியிலயே சொல்றேன். நீங்க குடுக்கிறதுல இங்க வாடகை கட்டினாச் சாப்பிட முடியாது, சாப்பிட்டா வாடகை கட்ட முடியாது. இவங்க சாப்பிடறதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. பட்டினி கிடந்து எப்படி சார் நாள் பூரா சிரிச்சுக்கிட்டே நிக்கிறது? அதைத்தானே நீங்க டிக்கெட் போட்டு விக்கிறீங்க?"

முதலாளி அரண்மனைப் படியில் உட்கார்ந்தார். "சாயங்காலம் பேசலாம்."

"இப்பவே பேசலாம் சார்" என்றாள் ராணி. கிரீடத்தைச் சரியாக வைத்துக்கொண்டு எதிர்ப்படியில் உட்கார்ந்தாள். அவளைச் சுற்றி மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். மேனேஜர் மட்டும் நடுவில் நின்றார். முதலாளி தன் பக்கத்தில் இருந்த இடத்தைக் கையால் தட்டிக் காட்டினார். மேனேஜர் அதைப் பார்த்தார், எதிர்ப்பக்கம் போனார், கரடிக்கும் கோமாளிக்கும் நடுவில் சட்டை கசங்க இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கேட் திறக்க அன்றைக்கு ரொம்பத் தாமதமானது. முதலாளி மூன்று முறை எழுந்து போனார், மூன்று முறையும் குழந்தைகளின் கூச்சல் அவரைத் திரும்பக் கொண்டுவந்து உட்கார வைத்தது. கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. ஆனால் சம்பளம் ஏறியது. வாடகைப்படி என்று தனியாக ஒன்று சேர்ந்தது. பூங்காவுக்குப் பின்னால் பூட்டிக் கிடந்த பழைய ஆபீஸ் கட்டடத்தைச் சுத்தம் செய்து, வீடு கிடைக்கிறவரை அங்கே இருந்துகொள்ளலாம் என்றும் ஆனது. கரடி ஓடிப்போய்க் கேட்டைத் திறந்தான். தலையை மாட்ட மறந்துவிட்டான். அதைப் பற்றி எந்தக் குழந்தையும் கவலைப்படவில்லை.

அண்ணியும் சுருட்டையும் கிளம்பியபோது மேனேஜர் காருக்குப் பக்கத்தில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். சுருட்டை ஒட்டுக்கேட்பதற்காக நிற்கவில்லை. அறுந்த செருப்பைச் சரி செய்வதற்காகத்தான் நின்றான் என்று பிற்பாடு சத்தியம் செய்தான்.

"குவார்ட்டர்ஸ் எல்லாம் இல்லம்மா. பொய் சொல்லிட்டேன்... இல்ல, லாட்ஜும் இல்ல. பேய் வீடு... ஆமா, பேய் வீடுதான். பெட்டிக்குள்ளதான் படுத்துக்கறேன்... விளையாடலம்மா, சத்தியமா."

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். அப்புறம் பெண் குரல் ஒன்று போனைத் தாண்டி, சுருட்டை வரைக்கும் தெளிவாகக் கேட்டது.

"தண்ணி நல்லா வருதா?"

"வருது."

"வாடகை?"

"கிடையாது."

"அதை முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? நாங்களும் அப்பவே வந்திருப்போமே."